ஸ்டீராய்டு தொடங்குமுன் ஒரு புழுச் சோதனை: கேள்வி பதில்

மருத்துவமனை மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு வரும் ஒட்டுண்ணித் தொற்று பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில்கள் இவை.

கே: அம்மா தஞ்சாவூர்ப் பக்கம் வயல்வேலை பார்த்தவர். பல வருஷமாகச் சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கிறார். முடக்குவாதத்துக்கு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு தொடங்குமுன் புழுச் சோதனை வேண்டும் என்கிறார் டாக்டர். இத்தனை காலம் கழித்து எதற்கு அக்கா?

ப: டாக்டர் சரியாகத்தான் கேட்கிறார். மற்றக் குடற்புழுக்கள் பெரும்பாலும் சில வருஷங்களில் தானாகச் செத்துவிடும். மண்ணிலிருந்து வெறுங்கால் வழியாக ஏறும் ஸ்ட்ராஞ்சிலாய்டிஸ் என்ற புழு அப்படியில்லை. அதன் குஞ்சுகள் குடலிலிருந்தே மறுபடி உடம்புக்குள் புகுந்துவிடும். இரண்டாம் உலகப் போரில் சாங்கி முகாமிலிருந்து சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட போர்க்கைதிகள் சிலரிடம், போர் முடிந்து 30 வருஷத்துக்கு அப்புறமும் இது இருந்தது. சும்மா கிடக்கும் புழு, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் ஸ்டீராய்டை எடுத்தால் கட்டுக்கடங்காமல் பெருகலாம். குடல் பாக்டீரியாவையும் சுமந்துகொண்டு ரத்தத்துக்கும் நுரையீரலுக்கும் போகும். அந்தக் கட்டத்தில் உயிரைக் காப்பாற்றுவது கடினம். முன்பே கண்டுபிடித்தால் ஐவர்மெக்டின் என்ற புழுக்கொல்லி மாத்திரையில் முடிந்துவிடும். ஒரே ஒரு மலப் பரிசோதனையில் புழு கண்ணில் படாமல் தப்பிவிடலாம். ரத்தச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள்.

கே: சிறுநீரக மாற்று செய்துகொண்டவன். வீட்டில் பூனை வளர்க்கலாமா?

ப: 2024 செப்டம்பரிலிருந்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பூனைக்கு அனுமதி உண்டு, உங்களுக்கும் தடையில்லை. மலத்தட்டை வேறு யாராவது தினமும் சுத்தம் செய்யட்டும். பூனை மலத்தில் வரும் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி, வெளியே வந்து ஒரு நாளாவது ஆனபிறகுதான் தொற்றும். பூனைக்குப் பச்சை இறைச்சி வேண்டாம். நீங்களும் அரைவேக்காட்டு மட்டன் சாப்பிடாதீர்கள்.

கே: நீச்சல் குளம்?

ப: தண்ணீரை விழுங்காதீர்கள். வயிற்றுப்போக்கு தரும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குளோரினுக்கு லேசில் சாகாது.

கே: வருஷா வருஷம் பூச்சி மாத்திரை போடுகிறோமே, போதாதா?

ப: அது பெரும்பாலும் ஒரு வேளை அல்பெண்டசோல் என்ற மாத்திரைதான். ஸ்ட்ராஞ்சிலாய்டிஸை ஒழிக்க அது போதாது.

கே: வேப்பங்கொழுந்து? எங்கள் பாட்டிக்கு 90 வயதுவரை ஒன்றும் வரவில்லை.

ப: பாட்டி ஸ்டீராய்டு எடுத்தாரா? இந்தப் புழு இருப்பவர்களில் பலருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. எதிர்ப்பு சக்தியை மருந்தால் குறைக்கும்போதுதான் ஆபத்து.

கே: குப்பைமேனிச் சாறு?

ப: அதே பதில்தான். உறுப்பு மாற்று செய்தவர்களுக்குத் தரும் டாக்ரோலிமஸ் மருந்தை எடுப்பவர்கள் எந்த மூலிகையையும் கேட்காமல் தொடாதீர்கள்; சிலது ரத்தத்தில் அந்த மருந்தின் அளவையே மாற்றிவிடும்.

கே: அப்போ பயமாக இருக்கிறது, ஸ்டீராய்டை நிறுத்திவிடவா?

ப: கூடவே கூடாது. திடீரென்று நிறுத்துவதே உயிருக்கு ஆபத்தாகலாம். இதையே நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். நால்வருக்கும் இதுதான் பதில்.

கே: அப்பா ஸ்டீராய்டில் இருக்கிறார். இரண்டு நாளாக வயிற்றுவலி, இருமல், காய்ச்சல். பலதுறை மருந்தகத்தில் திங்கட்கிழமைக்குத்தான் நேரம் கிடைத்திருக்கிறது.

ப: திங்கள்வரை காத்திருக்காதீர்கள். இப்போதே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். ஸ்டீராய்டு எடுப்பதையும், முன்பு ஊரில் மண்ணில் வேலை செய்திருந்தால் அதையும், பதிவு செய்யும்போதே சொல்லுங்கள்.