உபுத்தில் பார்த்த ஓவியத்தைச் சென்னையிலிருந்து வாங்கலாமா?

கேள்வி: பாலித் தீவின் உபுத் நகரில், இருபது ஆண்டுகளாக அங்கேயே வாழும் ஐரோப்பியர் ஒருவரின் கேலரியில், பாத்துவான் என்னும் பாலிக் கிராமத்தின் பாணியில் வரைந்த ஓவியம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தோம். உள்ளூர் ஓவியர்களைக் கைதூக்கி விடுவதற்காகவே கேலரி நடத்துவதாக அவர் சொன்னார். விலை நம் பணத்தில் எண்பதாயிரம் ரூபாய். முழுத் தொகையையும் வங்கி வழியாக அனுப்பினால் கூரியரில் அனுப்பிவைப்பாராம். நம்பலாமா?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: அவர் வெளிநாட்டவர் என்பதற்காக நீங்கள் ஐயப்பட வேண்டியதில்லை. 1936-இல் உபுத்தில் தொடங்கிய பிட்டா மகா என்னும் கலைஞர் சங்கத்தில், அவ்வூர் அரச குடும்பத்தினரோடும் மூத்த கலைஞர் லெம்பாடோடும் ஜெர்மானியரான வால்டர் ஸ்பீஸும் டச்சுக்காரரான ருடால்ஃப் பொனேயும் சேர்ந்து உழைத்தார்கள். சுற்றுலாப் பயணிகளுக்காக அவசரமாக வரைந்து குவிக்கும் போக்குக்கு இடங்கொடாமல், தரமானவற்றைத் தேர்ந்து விற்றுத் தருவதே அச்சங்கத்தின் நோக்கம்.

ஆனால் ஓவியர்கள்மீது உண்மையான அக்கறை உள்ளவர் ஓவியரின் பெயரை மறைக்கமாட்டார். ஆகவே ஓவியரின் முழுப்பெயர், ஊர், வரைந்த ஆண்டு, அளவு, பயன்படுத்திய பொருள் ஆகியவற்றோடு ஓவியரே கையொப்பமிட்ட சான்றையும், அவர் அந்த ஓவியத்தோடு நிற்கும் படத்தையும் கேளுங்கள். பணம் கொடுத்து வாங்கி வைத்த ஓவியமா, விற்ற பிறகு ஓவியருக்குப் பங்கு தரும் ஏற்பாடா என்பதையும் கேட்கலாம். விலையில் பாதி வரை கேலரி எடுத்துக்கொள்வது பல நாடுகளில் உள்ள வழக்கம்தான். அதைச் சொல்லத் தயங்குகிறாரா என்பதையே கவனியுங்கள். நம் ஈஞ்சம்பாக்கத்தில் 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று உருவாக்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் வரைந்தவரிடமே பேசி வாங்கும் வாய்ப்பு உண்டு. உபுத்தில் இடையில் ஒருவர் நிற்பதால்தான் இத்தனை கேள்விகள் தேவைப்படுகின்றன.

பாத்துவான் பாணியில் மரபாகத் தாளின்மீது கறுப்பு மையைப் படலம் படலமாகப் பூசி நுணுக்கமாக வரைவார்கள். ஓவியத்தின் ஒரு மூலையை மிக அருகிலிருந்து படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சீரான சிறு புள்ளிகள் தெரிந்தால் அது அச்சுப் பிரதியாக இருக்கக்கூடும்.

வங்கி வழியாக முழுத் தொகையையும் அனுப்ப வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம் என்றாலும், கிடைத்த உத்தரவை உபுத்தில் இருப்பவர்மீது நிறைவேற்றுவது மிகவும் கடினம். கடன் அட்டையில் செலுத்தினால், பொருள் வராதபோதும் வேறொன்று வந்தபோதும் உங்கள் வங்கியிடமே முறையிட வழி இருக்கிறது.

சுங்க வரியைக் குறைப்பதற்காக விலையைக் குறைத்தோ ‘அன்பளிப்பு’ என்றோ எழுதித் தர அவர் முன்வந்தால் மறுத்துவிடுங்கள். அது சட்டப்படி குற்றம் என்பதோடு, வழியில் ஓவியம் நனைந்தாலோ கிழிந்தாலோ எழுதிய தொகைக்கு மேல் காப்பீடு கோரவும் முடியாது. உண்மையான விலையில் பில், அதே தொகைக்குக் காப்பீடு, தாள் ஓவியமானால் சுருட்டாமல் தட்டையாக வைத்துக் கட்டுவது ஆகிய மூன்றையும் அவர் எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகு பணம் செலுத்துங்கள்.