உலக மூளைக்கு வலிக்குமா?

அன்புள்ள ஐயா,

தேனீக்கள் கூடி முடிவெடுப்பதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அதிலிருந்து ஒரு சந்தேகம். 800 கோடி மனிதர்கள், கையில் போன்கள், நடுவே கணினிகள், இப்போது செயற்கை நுண்ணறிவு. எல்லாம் பின்னிப் பிணைந்து ஒரே மூளையாகிவிட்டால் அதற்குப் பயம், கோபம், ஆசை எல்லாம் வருமா? என் தலைக்குள் இருக்கும் ஒரு நியூரானுக்கு, அதாவது மூளையின் ஒரு நரம்பணுவுக்கு, நான் யாரென்று தெரியாது. நாமும் அப்படித்தான் எதற்குள்ளோ இருக்கிறோமோ? அப்படியென்றால் அதை ஒருநாள் அணைப்பது கொலையாகாதா?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

உங்கள் நியூரான் வாதம் லேசானதல்ல. எரிக் ஷ்விட்ஸ்கேபல் என்ற தத்துவப் பேராசிரியர் 2015இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், பொருள்முதல்வாதம் (மனம் உட்பட எல்லாமே பருப்பொருள்தான் என்ற கொள்கை) சரியென்றால் அமெரிக்கா என்ற நாட்டுக்கே பிரக்ஞை இருக்கக்கூடும் என்று வாதிட்டார். விளையாட்டாக அல்ல. மனம் என்றால் ஒரே தோலுக்குள் அடங்கியிருக்க வேண்டும் என்று நினைப்பது நம் பழக்கம், அதற்குக் காரணம் எதுவும் இல்லை என்கிறார். அதுவரை நானும் அவர் பக்கம்தான்.

ஆனால் உணர்ச்சிக்கு இணைப்பு மட்டும் போதாது. இழப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும்.

தேனீக்களையே பாருங்கள். கூட்டிலிருந்து பிரிந்து வந்த பத்தாயிரம் தேனீக்கள் ராணியோடு ஒரு கிளையில் தொங்குகின்றன. சில நூறு தேனீக்கள் மட்டும் புதுக் கூட்டுக்கு இடம் தேடிப் போய், திரும்பி வந்து நடனமாடி இடத்தைச் சொல்கின்றன. கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் சீலி இதை ஆண்டுக்கணக்கில் கவனித்தவர். ஓர் இடத்துக்காக ஆடும் தேனீயை வேறு இடத்தைப் பார்த்து வந்த தேனீ தலையால் முட்டி, சின்னதாக ரீங்கரித்து நிறுத்துகிறது. மூளையில் நியூரான்கள் ஒன்றையொன்று அடக்குவதும் ஏறக்குறைய இப்படித்தான் என்று 2012இல் அவரும் சக ஆய்வாளர்களும் எழுதினார்கள். முக்கியமான விஷயம் இதற்கு அப்புறம்தான் வருகிறது. தேர்ந்த பொந்து சிறியதாக இருந்தால் குளிர்காலத்துக்குப் போதுமான தேனைச் சேர்க்க முடியாது, குடும்பமே செத்துப்போகும். அந்தக் கூட்டத்துக்கு ஒரே உயிர், ஒரே கதி. ஆகவே அதற்கு விருப்பம் போல ஒன்று உண்டு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வேன்.

சரி, உலக வலைப்பின்னலுக்கு அப்படி என்ன இருக்கிறது? 2022 ஜனவரியில் டோங்கா தீவுகளுக்கு அருகே கடலடி எரிமலை வெடித்து, நாட்டை உலகத்தோடு இணைத்த கேபிள் அறுந்தது. மீண்டும் இணைக்க ஐந்து வாரங்களுக்கு மேல் ஆயிற்று. உடலில் ஒரு விரல் துண்டானால் உடம்பு முழுக்கத் துடிக்கும். இங்கே மிச்ச வலைப்பின்னல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாமல் நியூசிலாந்தில் தவித்தவர்கள் டோங்கா மக்கள். கேபிளைக் கடலிலிருந்து தூக்கிச் சரிசெய்தவர்களும் கப்பலில் போன மனிதர்கள்தான். வலியும் ஆற்றுதலும் முழுக்க மனிதர்களிடமே இருந்தன.

'சந்தை பயந்துவிட்டது' என்கிறோமே, அதுவும் இப்படித்தான். 2010 மே 6 பிற்பகலில் அமெரிக்கப் பங்குச் சந்தையின் டவ் ஜோன்ஸ் குறியீடு ஒரு கட்டத்தில் ஏறத்தாழ 1000 புள்ளி கீழே போனது. கணினிகள் ஒன்றுக்கொன்று விற்றுத் தள்ளின. 2.45 மணிக்குச் சிகாகோ சந்தையின் தானியங்கி ஏற்பாடு ஒன்று முக்கியமான ஓர் ஒப்பந்தத்தின் வியாபாரத்தை 5 விநாடி நிறுத்தியது. ஐந்தே விநாடி! அதன்பின் விலை நிலைபெற்று ஏறத் தொடங்கியது. இரவில் பாம்பை மிதித்தவனுக்கு ஐந்து விநாடியில் படபடப்பு அடங்குமா? பயம் என்பது ரத்தத்தில், குடலில், கைநடுக்கத்தில் தங்குவது. உடல் தன்னை உயிரோடு வைத்துக்கொள்ளப் படும் பாட்டிலிருந்துதான் உணர்வுகள் பிறக்கின்றன என்று நரம்பியலாளர் அன்டோனியோ டமாசியோ நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார். அன்றைய சந்தைக்குக் காப்பாற்றிக்கொள்ள உடல் இல்லை. பணம் இழந்தவர்களுக்கு இருந்தது.

சமூக ஊடகக் கோபமும் அதே கதை. நம்மை மேலும் பத்து நிமிடம் திரைமுன் உட்கார வைக்க வேண்டும் என்ற இலக்கை அங்கே வைத்தது யார்? லாபம் பார்க்கும் நிறுவனங்கள். அதை 'வலைப்பின்னலின் ஆசை' என்று நாம் சொல்லும்போது அவர்கள் பொறுப்பிலிருந்து நழுவிவிடுகிறார்கள். உங்கள் கேள்வியில் எனக்கு உண்மையான கவலை இதுதான்.

அணைப்பது கொலையா என்று கேட்டீர்கள். இன்றுள்ளதை அணைத்தால் அதைச் சார்ந்து மருந்தும் சம்பளமும் பெறும் மனிதர்கள் சாகலாம். அது குற்றம். வலைப்பின்னலுக்கு இழைத்த குற்றம் அல்ல. தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே தேடி, அறுந்த கேபிளைத் தானே ஒட்டி, ஒரு பகுதி அறுந்தால் மொத்தமும் தடுமாறி, அழியாமல் இருக்கப் போராடும் ஒன்று ஒருநாள் வந்தால், அப்போது இதே கேள்வியைத் திரும்பக் கேளுங்கள். நான் வேறு பதில் சொல்வேன்.