கழுத்தில் கயிறு, கையில் சாவி

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருக்கிறேன். இது மூன்றாவது வருடம். சென்ற ஆண்டு அப்பா இறந்துவிட்டார். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. திரும்பி வந்தபின் ஆய்வகத்தில் யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. யாராவது விசாரித்தால் வலிக்கிறது. விசாரிக்காமல் போனாலும் வலிக்கிறது.

இரவு அறைக்குத் திரும்பும் வழியில், முற்றத்தில் பிரெஞ்சுச் சிற்பி ரோதானின் 'கலே நகரத்தார்' சிலைகள் நிற்கின்றன. ஒருநாள் சைக்கிளை நிறுத்திவிட்டு அவர்களுக்கு நடுவே போய் நின்றேன். அன்றிலிருந்து அநேகமாகத் தினமும் கால்மணி நேரம் நிற்கிறேன், மனம் அடங்கிவிடுகிறது. ஒருமுறை ஒருவரின் கையைத் தொட்டும் பார்த்தேன். பிறகுதான் அவர்கள் மரணத்துக்கு நடந்து போகிறவர்கள் என்று படித்தேன். அதிர்ந்துவிட்டேன். சாகப்போகிறவர்களுக்கு நடுவே எனக்கு எப்படி அமைதி கிடைக்கிறது? எனக்குக் கலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. மனிதர்களிடமிருந்து தப்பித்து உலோகத்திடம் போகிறேனா?

ம.

அன்புள்ள ம,

இது தப்பித்தல் இல்லை. அந்தக் கேள்வி உங்களை எவ்வளவு படுத்துகிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது, அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் படித்த கதையைக் கொஞ்சம் விரிக்கிறேன். இங்கிலாந்து மன்னன் மூன்றாம் எட்வர்டு 1346இல் பிரான்சின் கலே நகரை முற்றுகையிட்டான். பதினொரு மாதம் தாக்குப்பிடித்த ஊர், 1347இல் பட்டினி தாளாமல் பணிந்தது. ஊரை விட்டுவைக்க வேண்டுமானால் முக்கியஸ்தர்கள் ஆறு பேர் வெறுந்தலையும் வெறுங்காலுமாக, கழுத்தில் கயிற்றோடும் கையில் நகரத்தின் சாவியோடும் தன் முன்னால் வந்து நிற்க வேண்டும் என்றான். ஆறு பேர் முன்வந்தார்கள். அரசி பிலிப்பா மன்றாடியதால் கடைசியில் உயிர் பிழைத்தார்கள் என்கிறார் அக்காலத்து வரலாற்றாசிரியர் ஃபிரவாசார். ரோதான் அந்த மீட்பைச் சிலையாக்கவில்லை. ஊரை விட்டுக் கிளம்பும் நேரத்தை எடுத்துக்கொண்டார். பிழைப்போம் என்பது அவர்களில் யாருக்கும் தெரியாத நேரம் அது.

ஊர்க்காரர்களுக்கு முதலில் வேண்டியிருந்தது ஆறு பேரில் மூத்தவரான யூஸ்தாஷ் த சேன் பியரின் சிலை மட்டும்தான். ஒரு சிலைக்குப் பேசிய தொகைக்கே ஆறு பேரையும் செய்து தருகிறேன் என்றார் ரோதான். செய்தும் கொடுத்தார். ஆனால் ஊர் எதிர்பார்த்த வீரர்களாக இல்லை. ஒருவர் தலையை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு குனிந்திருக்கிறார். அவர் பெயர் ஆந்திரியே தாந்த்ர். சாவியைப் பிடித்திருக்கும் ழான் தேர் தாடையை இறுக்கிக்கொண்டு நேராக நிற்கிறார். யாரும் யாருடைய கண்ணையும் பார்ப்பதில்லை. ஆறு பேருக்கும் சாவு ஒன்றுதான், பயம் ஆளுக்கு ஒன்றாக இருக்கிறது. நீங்கள் தொட்டுப் பார்த்த கையைத் தள்ளி நின்று இன்னொருமுறை பாருங்கள். உடம்புக்கு அது பெரிது. முகத்தில் அடக்கிக்கொண்டதையெல்லாம் ரோதான் கைகளிலும் பாதங்களிலும் இறக்கி வைத்திருக்கிறார். (இனி தொட வேண்டாம். உள்ளங்கையின் எண்ணெயும் உப்பும் வெண்கலத்தின் மேல் படிந்திருக்கும் நிறத்தை அரித்துவிடும். பராமரிப்பவர்கள் மெழுகு பூசிக் காப்பது அதைத்தான்.)

இவர்களைத் தரை மட்டத்தில் நிறுத்த வேண்டும், ஊர் மக்கள் கிட்டத்தட்ட இடித்துக்கொண்டு நடக்க வேண்டும் என்று ரோதான் விரும்பினார். கலேயில் கேட்கவில்லை. 1895இல் உயரமான பீடத்தில் ஏற்றிச் சுற்றிலும் கம்பியும் போட்டார்கள். தாழ்ந்த பீடத்துக்கு இறக்கியது 1924இல். அதற்கு ஏழு வருடம் முன்பே, 1917இல், ரோதான் இறந்துவிட்டார். உங்கள் முற்றத்தில் பீடமும் இல்லை, கம்பியும் இல்லை. ஒவ்வொருவரும் தனியாக, கல் பாவிய தரையில், உங்களைவிடக் கொஞ்சம்தான் உயரமாக நிற்கிறார்கள். நடுவே ஒரு ஆள் நிற்க இடம் இருக்கிறது. அந்த இடத்தில்தான் தினமும் கால்மணி நேரம் நிற்கிறீர்கள்.

உங்கள் அமைதிக்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் எவ்வளவு நல்லவர்களானாலும் கரையில் நின்றுதான் பேச முடிகிறது. இவர்கள் உங்களோடு இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார்கள். உங்களைத் தேற்ற முயல்வதில்லை, ஏன் இன்னும் அழுகிறாய் என்று கேட்பதுமில்லை. அழகான பூங்காவில் சாந்தமாகப் புன்னகைக்கும் ஒரு சிலை இருந்திருந்தால் நீங்கள் ஒரு நாளோடு நிறுத்தியிருப்பீர்கள். என் விஷயத்தில் அப்படித்தான். ரோதானின் 'சிந்தனையாளன்' சிலை முன்னால் பல முறை நின்றிருக்கிறேன், மதிப்பு வருகிறது, நெருக்கம் வருவதில்லை. ஆந்திரியேயிடம் நெருக்கத்தைத் தவிர வேறொன்றும் எனக்கு வருவதில்லை.

நீங்கள் படிக்கும் இடமே துக்கத்தில் எழுந்ததுதான். லீலண்ட் ஸ்டான்ஃபோர்டு, ஜேன் ஸ்டான்ஃபோர்டு தம்பதிக்கு ஒரே மகன். 1884இல் ஃபிளாரன்ஸ் நகரில் டைஃபாய்டு காய்ச்சலில் இறந்தபோது அவனுக்கு 15 வயது. அவன் பெயரில்தான் பல்கலைக்கழகத்தையே நிறுவினார்கள். 1891இல் வகுப்புகள் தொடங்கின. பழம்பொருட்களைச் சேகரிப்பதில் அவனுக்கு ஆசை, அதனால் அவன் நினைவாக ஓர் அருங்காட்சியகமும் கட்டினார்கள். அதன் பக்கத்தில்தான் இன்று ரோதான் தோட்டம் இருக்கிறது. நீங்கள் நிற்கும் முற்றத்துக்கே நினைவு முற்றம் என்றுதான் பெயர்.

அடுத்து, மனிதர்களிடமிருந்து தப்பிக்கிறேனா என்ற கேள்வி. பல வருடங்களுக்கு முன் அந்த ரோதான் தோட்டத்துக்கு ஓர் இரவில் போனேன். எந்நேரமும் திறந்திருக்கும் இடம், இரவில் விளக்கும் உண்டு. 'நரகத்தின் வாசல்' முன்னால் ஏற்கெனவே ஒரு பெரியவர் நின்றிருந்தார். 200க்கு மேற்பட்ட உருவங்கள் அந்த வாசலில். 1880இல் கையில் எடுத்த வேலை, முழு வாசலையும் வெண்கலத்தில் வார்த்துப் பார்க்க ரோதானுக்குக் கடைசிவரை வாய்க்கவில்லை. நான் கீழே எங்கோ பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெரியவர் ஒன்றும் சொல்லாமல் விரலை மட்டும் நீட்டி, மேலே ஓரத்தில் விழுந்துகொண்டிருக்கும் ஓர் உருவத்தைக் காட்டினார். நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த வருடம் என்னிடம் நெடுநேரம் பேசிய பலரின் முகம் மறந்துவிட்டது, அந்த விரல் நினைவிருக்கிறது. சிலைகளைத் தேடி வருகிறவர்கள் அங்கே உங்களுக்கு முன்னும் இருந்தார்கள், இப்போதும் இருப்பார்கள். பேச வேண்டியதில்லை. ஒருநாள் சைக்கிளை நிறுத்தியதும் நிமிர்ந்து பாருங்கள், வேறு யாராவது நின்றுகொண்டிருக்கலாம். ஆய்வகத்தில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனாலும் நல்லதுதான். விசாரிப்புக்கு அங்கே அவசியம் இருக்காது.

அதே வளாகத்தில் மரங்களுக்கு நடுவே இன்னொரு தோட்டம் இருக்கிறது. பப்புவா நியூகினியின் செபிக் ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த குவோமா, இயட்முல் இனத்துச் சிற்பிகள் பத்துப் பேர் 1994இல் வந்து, அங்கேயே தங்கி, மரத்திலும் நுரைக்கல்லிலும் செதுக்கியவை. மாணவர்கள் வேலை நடக்கும்போதே போய் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஊரைவிட்டு அத்தனை தொலைவு வந்தவர்கள், தங்கள் மூதாதையரை அந்நிய மண்ணில் நட்டு வைத்தார்கள். அத்தோடு நிற்கவில்லை, ரோதானின் 'சிந்தனையாளனை'யும் பார்த்துவிட்டு, தங்கள் கை வழக்கப்படி கல்லில் ஒருவனைச் செய்து உட்காரவைத்தார்கள். எனக்கு நெருக்கமான சிந்தனையாளன் அவன்தான்.

ஒரு பகல் வேளையில் அவனைப் போய்ப் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள். அப்பாவைப் பற்றியும் எழுதுங்கள். உங்கள் கடிதத்தில் அவர் இறந்தார் என்பது மட்டும்தான் இருக்கிறது.

அன்புடன்