ஜீப் வகை வண்டியை உயர்த்தும் ‘லிஃப்ட்’ போடலாமா, வேண்டாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

என் வண்டிக்கு எத்தனை அங்குலம் லிஃப்ட் போடலாம்? உடனே பதில் தரவும். (சேலம்)

எந்த வண்டி? என்ன டயர்? எங்கே ஓட்டுகிறீர்கள், எவ்வளவு பாரத்தோடு? ஒன்றையும் எழுதாமல் அங்குலத்தை மட்டும் கேட்டால் எப்படிச் சொல்வது? நான்கையும் எழுதி மறுபடி அனுப்புங்கள். அதுவரை வண்டியில் கை வைக்க வேண்டாம்.

மாருதி ஜிம்னி வைத்திருக்கிறேன். சிறுமலைத் தோட்டத்துப் பாதையில் பின் டிஃபரன்ஷியல் கல்லில் இடிக்கிறது. 2 அங்குல லிஃப்ட் போட்டால் சரியாகுமா? (திண்டுக்கல்)

ஆகாது. ஜிம்னிக்கு முன்னும் பின்னும் முழு அச்சு, அதாவது இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே தண்டு. ஸ்பிரிங்கை உயர்த்தினால் சேசிஸும் பாடியும்தான் மேலே போகும். அச்சும் அதிலிருக்கும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர உருண்டையும் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்த டயரை விட்டால் வழியில்லை. டயரிலும் விட்டம் கூடுவதில் பாதிதான் நமக்குக் கிடைக்கும். கம்பெனி டயரான 195/80 ஆர்15-ன் விட்டம் சுமார் 693 மி.மீ. 215/75 போட்டால் 703. அதாவது கல்லுக்கு மேலே கூடுதலாகக் கிடைப்பது 5 மி.மீ. 235/75 போட்டால் 20 மி.மீ. கிடைக்கும். ஆனால் ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பும்போது டயர் உரசும், மீட்டர் 100 காட்டும்போது நிஜத்தில் 106-ல் போய்க்கொண்டிருப்பீர்கள். அந்த உரசலைத் தவிர்க்க லிஃப்ட் போட்டால் அதில் நியாயம் உண்டு. அது வரைக்கும் கல்லை இரண்டு சக்கரத்துக்கும் நடுவே விடாமல், ஒரு சக்கரத்தை அதன்மேல் ஏற்றி ஓட்டிப் பழகுங்கள்.

உடன்குடிப் பக்கம் எங்கள் பனந்தோப்பு தேரி மணல். மஹிந்திரா தார் 4x4 வயிறு தட்டிப் புதைகிறது. உயர்த்தட்டுமா?

டயரில் காற்றை இறக்குங்கள். 15 முதல் 18 பி.எஸ்.ஐ. வைத்து, லோ ரேஞ்ச் கியரில் சீராக ஓட்டுங்கள். திருப்பத்தில் வேகம் வேண்டாம், டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார்ச்சாலை ஏறும் முன் திரும்பக் காற்று நிரப்ப ஒரு கம்ப்ரஸர் வாங்கிக்கொள்ளுங்கள், லிஃப்ட் செலவில் சிறு பங்குதான் ஆகும். முதலில் காற்று, அடுத்து டயர், அதற்கப்புறம்தான் ஸ்பிரிங்.

அடுத்த ஜூனில் லடாக் போகிறோம். லிஃப்ட் அவசியமா? (மதுரை)

அவசியமில்லை. உம்லிங் லா கணவாய் 19,024 அடி உயரம். அங்கேயே தார் போட்டுவிட்டார்கள். நல்ல டயரும் புது பிரேக் பேடும் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

ஜிம்னிக்கு 2 அங்குல கிட் போட்டேன். 80-க்கு மேல் ஸ்டியரிங் அலைகிறது, வண்டி நேராக நிற்கவில்லை. நேராகப் போகும்போது ஸ்டியரிங் சக்கரம் கோணலாக இருக்கிறது. ஈ.எஸ்.பி. (சறுக்கலைத் தடுக்கும் அமைப்பு) விளக்கும் எரிகிறது. பட்டறையில் கேட்டால் அலைன்மென்ட் சீட்டு பச்சையில் இருக்கிறது, பழகிவிடும் என்கிறார்கள். (கோவை)

மாதம் இரண்டு வண்டியாவது இந்தக் குறையோடு என் பட்டறைக்கு வருகிறது. ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது. பழகிவிடும் என்று சொன்னவர் தன் பிள்ளைகளை அந்த வண்டியில் ஏற்றி நாலுவழிச் சாலையில் போவாரா?

என்ன நடந்திருக்கிறது என்று சொல்கிறேன். முன் அச்சைப் பிடித்திருக்கும் இரண்டு நீளக் கைகளும் பின்பக்கம் சேசிஸில் மாட்டியிருக்கின்றன. சேசிஸ் மேலே போனதும் அந்தக் கைகள் சாய்ந்து, அச்சே முன்னோக்கி உருண்டுவிட்டது. அதனால் காஸ்டர் கோணம், அதாவது சக்கரம் எந்தக் கோட்டைச் சுற்றித் திரும்புகிறதோ அதன் பின்சாய்வு, குறைந்துபோயிற்று. திருப்பிய சக்கரம் தானாக நேருக்கு வருவது காஸ்டரால்தான். அது போனால் வண்டி அலையத்தான் செய்யும். உங்கள் பட்டறைக்காரர் பார்த்த பச்சை, டோ அளவுடையது; முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு அது. முழு அச்சு வண்டியில் திருகிச் சரிசெய்ய முடிவது டோ ஒன்றுதான். காஸ்டர் வரியைப் பார்த்தாரா என்று அந்தச் சீட்டை வாங்கி நீங்களே பாருங்கள்.

காஸ்டர் திருத்தும் புஷ் போட வேண்டும், அல்லது அதற்கென்றே செய்த கைகளை மாட்ட வேண்டும். அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பேனார்ட் ராட் பழைய நீளத்திலேயே இருப்பதால் அச்சு ஒரு பக்கம் நகர்ந்திருக்கும். நீளம் மாற்றக்கூடிய ராட் போடுங்கள். ஸ்டியரிங் கோணலை, ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்க் கம்பியில் சரிசெய்ய வேண்டும். பெரும்பாலும் அதிலேயே ஈ.எஸ்.பி. விளக்கும் அணைந்துவிடும், ஏனென்றால் சக்கரம் கோணலாக இருப்பதைப் பார்த்து அது வண்டி திரும்பிக்கொண்டே இருப்பதாக நினைக்கிறது. அச்சை முழுசாகத் தொங்கவிட்டு பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்றும் பாருங்கள். ஹெட்லைட்டையும் இறக்கி வையுங்கள், எதிரே வருகிறவர் கண் கூசக்கூடாது.

கிட் விற்கும்போது நான்கு ஸ்பிரிங், நான்கு ஷாக் அப்சார்பர் கொடுத்து வேலை முடிந்தது என்கிறார்கள். பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. மீதிப் பாதிக்குக் காசில்லை என்றால் பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போடுங்கள். இதையெல்லாம் முடிக்கும்வரை 60-ஐத் தாண்டாதீர்கள்.

2021 தார். முன்பக்கம் ஷாக் மேல் 30 மி.மீ. ஸ்பேசர் மட்டும் போட்டேன். குழியில் இறங்கினால் டக்கென்று சத்தம். (திருச்சி)

30 மி.மீ. ஸ்பேசர் வட்டை என்றால் 30 மி.மீ. உயரம் என்று நினைத்துவிட்டீர்கள். ஷாக் மாட்டியிருப்பது சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் நடுவில். அதனால் சக்கரத்தில் அதைவிட நிறையவே உயரும். சக்கரம் கீழே தொங்க இடமில்லாமல் கடைசி எல்லையில் போய் அடிக்கிறது, அதுதான் சத்தம். சக்கரத்தைச் சுழற்றும் சி.வி. ஜாயின்ட்டும் அளவுக்கு மீறிய கோணத்தில் சுழல்கிறது. அதன் ரப்பர் உறையான பூட் கிழிந்து கிரீஸ் வெளியே வந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஸ்பேசரைக் கழற்றிவிடுங்கள்.

ஆர்.டி.ஓ. பிடிப்பார்களா? (பலர்)

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவைப் படியுங்கள். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்பது அதன் சாரம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. 182ஏ பிரிவில் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயரும் அடியில் குனிந்து பார்ப்பார். யாரும் பிடிப்பதில்லையே என்று எனக்கு எழுத வேண்டாம்.

வால்பாறையில் பொலிரோ கேம்பர். தினமும் பாரம். பின்பக்கம் தாழ்ந்து, வயிறு தட்டுகிறது.

உங்களுக்கு வேலை நிச்சயம் தேவை. பின் ஸ்பிரிங் பட்டைகள் தளர்ந்திருக்கும். முதலில் அவற்றைச் செட்டாக மாற்றி, ஏற்றும் எடைக்கேற்ற பட்டை போடுங்கள். ஓர் அங்குலம் தானாக உயரும், அது போதும். பாரத்தைப் பொறுத்துப் பின் பிரேக்கைக் கட்டுப்படுத்தும் வால்வு உங்கள் வண்டியில் இருந்தால் அதன் கம்பியைத் திரும்பச் சரிசெய்யச் சொல்லுங்கள். பின்பக்கம் உயர்ந்தால் பாரமில்லை என்று நினைத்து அது பிரேக்கைக் குறைத்துவிடும். நாற்பது கொண்டை ஊசி இறங்குகிறவர் நீங்கள்.

ஸ்பிரிங் பட்டை அச்சின் மேல் இருக்கும் என் ஜீப்புக்கு, முன் அச்சிலும் லிஃப்ட் பிளாக் (நடுவே செருகும் கட்டை) வைக்கலாமா? (ஈரோடு)

கூடவே கூடாது. அழுத்திப் பிரேக் போடும்போது பிளாக் நழுவினால் அச்சே போய்விடும்.

2 அங்குல லிஃப்ட், மேலே ரூஃப் டென்ட், குடும்பத்தோடு கொல்லிமலை. கவனிக்க வேண்டியது என்ன? (நாமக்கல்)

ஒரு கணக்குப் போடுங்கள். இரு சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை, எடை மையத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு அகலம் 1,500 மி.மீ., உயரம் 700 என்றால் விடை 1.07. லிஃப்டால் 50 மி.மீ. கூடினால் 1.0. விடை குறையக் குறைய வண்டி கவிழ்வது சுலபம். டென்ட் எடை 50, 60 கிலோ, அதுவும் உச்சந்தலையில். அங்கே எழுபது கொண்டை ஊசி வளைவுகள். லிஃப்டும் டென்டும் சேர்ந்து வேண்டாம், ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். என்னைக் கேட்டால், கொல்லிமலைக்குத் தார்ச்சாலையிலேயே போய்விடலாம். டென்டைப் பின்சீட்டை மடக்கி உள்ளே தரையோடு வைத்துக் கட்டுங்கள். முதலில் காற்று, அடுத்து டயர் என்பதையும் மறக்க வேண்டாம்: கிளம்பும் முன் ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள்.