சிறுநீரில் நுரையா? பூசும் க்ரீமையும் டாக்டரிடம் காட்டுங்கள்

கேள்வி: எனக்கு வயது 26. இரண்டு மாதமாகக் கால் வீங்குகிறது, சிறுநீர் சோப்பு கரைத்த மாதிரி நுரைக்கிறது. 24 மணி நேரச் சிறுநீரில் 5 கிராம் புரதம் போவதாக ரிப்போர்ட் வந்தது. பயாப்ஸி செய்து, 'மெம்பரனஸ் நெஃப்ரோபதி, உங்கள் எதிர்ப்பு சக்தியே உங்கள் கிட்னியைத் தாக்குகிறது' என்கிறார்கள். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, வீட்டில் யாருக்கும் இந்த நோய் இல்லை. எனக்கு ஏன்? - வாசகி, திருப்பூர்

பதில்: முதலில் ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். முகத்துக்கு என்ன பூசுகிறீர்கள்?

காரணத்தோடுதான் கேட்கிறேன். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன. அவற்றின் சுவரில் வெளிப்பக்கமாக, விரல்களைக் கோத்து வைத்த மாதிரி சில செல்கள் உட்கார்ந்திருக்கும். ரத்தத்தில் உள்ள புரதத்தைத் தாண்டவிடாமல் பிடித்து வைப்பதில் அவற்றுக்குப் பெரிய பங்கு. மெம்பரனஸில் நம் ரத்தத்தின் ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதம்) போய் அந்தச் சுவரின் வெளிப்பக்கத்தில் படிந்துவிடுகிறது. படிந்த இடத்தில் 'காம்ப்ளிமென்ட்' என்கிற புரதக் கூட்டம் வேலையை ஆரம்பிக்கும். கிருமியை ஓட்டை போட்டுக் கொல்ல வேண்டிய அது, இங்கே சொந்த செல்லையே காயப்படுத்துகிறது. கோத்த விரல்கள் விலகிவிடும். நூல் விலகிய துணியில் வடிகட்டினால் என்ன ஆகுமோ அதுதான். ஒரு நாளைக்கு 150 மில்லிகிராமுக்குள் போக வேண்டிய புரதம் உங்களுக்கு 5 கிராம் போகிறது, அதனால்தான் நுரை, அதனால்தான் வீக்கம்.

ஆன்டிபாடி எதைக் குறிவைக்கிறது என்பது ரொம்ப காலம் தெரியாமலே இருந்தது. 2009-ல் பாஸ்டன் ஆராய்ச்சியாளர்கள் பிஎல்ஏ2ஆர் என்ற புரதத்தைக் கண்டுபிடித்தார்கள்; வேறு காரணம் தெரியாமல் வரும் மெம்பரனஸில் சுமார் 70 சதவீதத்துக்கு இதுதான் குறி, இன்று ரத்தப் பரிசோதனையிலேயே பார்த்துவிடலாம். அதற்கப்புறம் வேறு சில புரதங்களும் தெரியவந்தன. அதில் ஒன்று நெல்-1. நம் ஊர்ப் பக்கம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் இது.

கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை மெம்பரனஸ் என்று உறுதியான 22 பேரில் 15 பேருக்கு நெல்-1 வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். இந்த மாதிரி க்ரீம்கள் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கும். பாதரசம் கலந்த பாரம்பரிய மருந்துகளைச் சாப்பிட்டவர்களிடமும் இதே வகையைச் சென்னை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைப் பாதரசம் தடுக்கும், அதனால்தான் இரண்டு வாரத்தில் முகம் 'பளிச்'சென்று ஆகிறது. ஆனால் அது தோல் வழியாக ரத்தத்துக்குப் போய்ச் சிறுநீரகத்தில் தங்கிவிடுகிறது.

என்னிடம் வந்த ஒரு பெண் மூன்று முறையும் 'எதுவும் பூசுவதில்லை டாக்டர்' என்றுதான் சொன்னார். நான்காவது முறை கைப்பையிலிருந்து ஒரு சின்ன வட்ட டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். மேலே தங்க நிற எழுத்து, உள்ளே முத்து மாதிரி வெள்ளைக் க்ரீம். தயாரித்தவர் பெயர் இல்லை, என்னென்ன சேர்த்திருக்கிறது என்ற விவரம் இல்லை. தெரிந்தவர் மூலமாக வாங்கியதாம். அதை மருந்தாகவே அவர் நினைக்கவில்லை, அதனால்தான் சொல்லவில்லை. அவர்மேல் எனக்குத் துளியும் கோபமில்லை, ஒரு பெண் கறுப்பாக இருப்பதைக் குறையாகச் சொல்லிச் சொல்லி இந்த டப்பாவை அவர் கையில் கொடுத்தவர்கள்மேல்தான் கோபம். இந்திய விதிப்படி, தெரியாமல் கலந்துவிடும் பாதரசம்கூட முகக் க்ரீமில் 10 லட்சத்தில் 1 பங்கைத் தாண்டக் கூடாது. லேபிளே இல்லாத டப்பாவில் அதை யார் பார்ப்பது?

ஆகவே, பயாப்ஸியில் நெல்-1 பார்த்தார்களா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். க்ரீம், லேகியம், செந்தூரம், எடை குறைக்கும் பொடி, வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பாதரசம்தான் காரணம் என்றால், அதை நிறுத்தியதுமே பலருக்குச் சில மாதங்களில் புரதக் கசிவு குறைந்துவிடுகிறது, கடுமையான மருந்துகள் தேவைப்படாமலே போகலாம். நெல்-1 சில சமயம் புற்றுநோயோடு சேர்ந்தும் வரும், முக்கியமாக வயதானவர்களுக்கு. அதற்கான பரிசோதனை எழுதினால் பயப்படாமல் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. தொண்டை வலி, காய்ச்சல் வந்த மறுநாளே சிறுநீர் கோலா நிறத்தில் போனது. மூன்று நாளில் தானாகச் சரியாகிவிட்டது. போன வருடமும் இப்படித்தான் வந்து போனது. அப்படியே விட்டுவிடலாமா? - வாசகர், மதுரை

பதில்: விடக் கூடாது. தொண்டை வலியோடு கூடவே, ஒன்றிரண்டு நாளுக்குள் சிறுநீரில் ரத்தம் வந்தால் முதலில் சந்தேகப்படுவது ஐஜிஏ நெஃப்ரோபதி. 1968-ல் பாரிஸில் பெர்ஜே, ஆங்க்லே என்ற இருவர் முதலில் விவரித்த நோய் இது. (ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வருவது வேறு, தொண்டை வலி ஆறி ஒன்றிலிருந்து மூன்று வாரம் கழித்துத்தான் அதில் சிறுநீர் நிறம் மாறும்.)

தொண்டையையும் குடலையும் காவல் காக்கும் ஆன்டிபாடிதான் ஐஜிஏ. சிலருக்கு அதன் நடுவே கீல் மாதிரி இருக்கும் பகுதியில் இருக்க வேண்டிய காலக்டோஸ் என்ற சர்க்கரை குறைவாக இருக்கும். அந்தக் குறையை உடம்பு அந்நியப் பொருள் என்று நினைத்து, அதற்கு எதிராக இன்னொரு ஆன்டிபாடியை உண்டாக்கும். இரண்டும் கைகோத்து, கட்டியாகி, சிறுநீரக வடிகட்டியின் நடுப்பகுதியில் போய்ப் படியும். ஜீன் காரணமாக உறவினர்களுக்கும் அந்தச் சர்க்கரை குறைந்த ஐஜிஏ இருக்கலாம். ஆனால் அது மட்டும் இருந்தால் நோய் வராது, மற்ற படிகளும் நடக்க வேண்டும்.

நிறம் சரியாகிவிட்டது என்பதால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. சிறுநீரில் புரதம், ரத்த அழுத்தம், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) இந்த மூன்றையும் இந்த வாரமே பாருங்கள். தொடர்ந்து புரதம் போனால் பயாப்ஸி வேண்டியிருக்கும், பயாப்ஸி இல்லாமல் இதை உறுதி செய்ய முடியாது. நம் தென்னாசிய மக்களிடம் இந்த நோய் வேகமாக முற்றுவதை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் கவனித்து எழுதியிருக்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன். ஜப்பானில் 1974 முதல் பள்ளிக்கூடத்திலேயே பிள்ளைகளின் சிறுநீரைச் சோதிக்கிறார்கள். ஒரு சின்னப் பட்டையை நனைத்துப் பார்க்கிற வேலைதான், இங்கேயும் எல்லாப் பள்ளியிலும் வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

உப்பைக் குறையுங்கள். பையன் சிகரெட் பிடிக்கிறான் என்றால் நிறுத்தச் சொல்லுங்கள். வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் போடவே வேண்டாம்.

கேள்வி: மகளுக்கு 23 வயது, லூபஸ் நோயால் கிட்னி பாதித்து மாத்திரை சாப்பிடுகிறாள். ஸ்டீராய்டால் முகம் உப்பிவிட்டது, வரன் வேறு பார்க்கிறோம். பத்து நாளாக எல்லா மாத்திரையையும் நிறுத்தி வைத்திருக்கிறோம். பின்னால் குழந்தை பிறக்குமா? - ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: அம்மா, இதைப் படித்ததும் டாக்டருக்குப் போன் செய்யுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். நாள்பட ஸ்டீராய்டு சாப்பிட்ட உடம்பு, தானே சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் இருக்கும். திடீரென்று நிறுத்தினால் பிரஷர் இறங்கி மயக்கமாகிவிடலாம். லூபஸும் (இதுவும் சொந்த எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்கும் நோய்தான்) மறுபடி கிளம்பும். வாந்தி, மயக்கம், அசதி இருந்தால் நேராக மருத்துவமனைக்கே போய்விடுங்கள்.

லூபஸ் வரும் 10 பேரில் 9 பேர் பெண்கள். ஹார்மோனுக்குப் பங்கு உண்டு, பெண்களுக்கு இரண்டாக இருக்கும் எக்ஸ் குரோமோசோமுக்கும் பங்கு உண்டு. செத்த செல்களின் குப்பையை உடம்பு சரியாக அள்ளாததால், அதிலிருக்கும் டிஎன்ஏவுக்கே ஆன்டிபாடி உண்டாகிறது. வெயில் தோல் செல்களைக் கொன்று அந்தக் குப்பையைக் கூட்டும், ஆகவே குடையும் முழுக்கைச் சட்டையும் அவளுக்கு மருந்து மாதிரி.

முகம் உப்பியது, டோஸ் குறையக் குறைய வற்றிவிடும். கல்யாணம் தாராளமாகச் செய்யலாம், மாப்பிள்ளை வீட்டில் மறைக்காமல் சொல்லிவிட்டே செய்யுங்கள். நோய் குறைந்தது 6 மாதம் அடங்கியிருந்தால் குழந்தைக்குத் திட்டமிடலாம். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மைக்கோஃபினோலேட் மாத்திரை சாப்பிடுகிறாள் என்றால் அது கருவைப் பாதிக்கும், கர்ப்பமாவதற்கு முன்பே டாக்டர் அதை நிறுத்தி அசதயோப்ரின் போன்ற வேறு மாத்திரைக்கு மாற்றிவிடுவார். லூபஸுக்குத் தரும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையைக் கர்ப்பத்திலும் தொடரலாம், கண் பரிசோதனையை மட்டும் டாக்டர் சொல்லும்போது தவறாமல் செய்யுங்கள்.

கேள்வி: இந்த மாதிரி நோய் இருப்பவர்கள் எதிர்ப்பு சக்தி கூட்டும் கஷாயம் குடிக்கலாமா? - வாசகர், சேலம்

பதில்: வேண்டாம். இவர்களுக்கு எதிர்ப்பு சக்தி குறையவில்லை, ஆள் தெரியாமல் அடிக்கிறது. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடும்போது கிருமித் தொற்றுப் பயம் இருந்தால் ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளைப் பற்றிக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசி மட்டும் டாக்டரைக் கேட்காமல் கூடாது.