வெறும் கவுன்சிலர்

கேள்வி: சர் பிட்டி தியாகராயர் 1920இல் முதலமைச்சர் நாற்காலியே தேடி வந்தும் வேண்டாம் என்றவர். அவ்வளவு பெரிய மனிதர், வாழ்நாளில் பாதியை வெறும் கவுன்சிலராகக் கழித்து என்ன கண்டார்?
(வாசகர், பெரம்பூர்)

பதில்: உங்கள் கேள்வியில் முதலமைச்சர் நாற்காலி இருக்கிறது, தியாகராயர் இருக்கிறார். எனக்குத் தொண்டையில் முள்ளாகச் சிக்கியது அந்த 'வெறும்'தான்.

நல்ல சொல்தான் அது. வெறுங்கால், வெறுங்கை, வெறுந்தரை, வெறும் சோறு. இருக்க வேண்டிய ஒன்று இல்லாத இடத்தில் நம் ஆட்கள் அதைப் போடுவார்கள். காலுக்குச் செருப்பு இல்லை, தரைக்குப் பாய் இல்லை, சோற்றுக்குக் குழம்பு இல்லை. கவுன்சிலருக்கு எது இல்லை என்று அதைப் போட்டீர்கள்? கோட்டையா, கொடி வைத்த காரா? 'வெறுங்கை முழம் போடாது' என்பார்கள். தியாகராயர் தறிக்காரர், வடசென்னையில் நெசவாலை நடத்தியவர். முழம் போடுவதைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இந்த வரிசையில் ஒன்றை வேண்டுமென்றே விட்டேன். வெறும் வயிறு.

1920 செப்டம்பர் 16. ரிப்பன் மாளிகையில் மாநகராட்சி மன்றம் கூடியிருக்கிறது. தலைவர் இருக்கையில் தியாகராயர். அரசு அதிகாரியாக இல்லாமல் அந்த இருக்கைக்கு வந்த முதல் ஆள் அவர். ஆயிரம் விளக்கில் உள்ள மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தர வேண்டும், தலைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று தீர்மானம். அங்கே படிப்பவர்கள் ஏழைப் பிள்ளைகள், அதனால்தான் பள்ளியில் எண்ணிக்கை குறைகிறது என்பது தலைவர் சொன்ன காரணம். தீர்மானம் நிறைவேறியது. பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்கும் போயிற்று.

ஓர் அணா என்றால் ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு. அதற்கு மன்றம் கூடிக் கணக்குப் போட்டது. யார் போட முடியும் அந்தக் கணக்கை? ஆயிரம் விளக்குப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் வரவில்லை, ஏன் வரவில்லை என்பது தெரிந்தவர்கள்தான். இது கோட்டையில் உட்கார்ந்தவர்களுக்குத் தோன்றவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தோன்றியது.

கோட்டை என்ன செய்தது தெரியுமா? ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவு செய்யக் கூடாது என்றது. 1925இல் திட்டம் நின்றது. தியாகராயர் மறைந்ததும் அதே 1925தான். ஒவ்வொரு முறை இதைப் படிக்கும்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

அவர் மாநகராட்சிக்குள் போனது 1882இல். உள்ளாட்சி மன்றங்களில் மக்கள் பிரதிநிதிகள் அமர வேண்டும் என்று ரிப்பன் பிரபு தீர்மானம் போட்ட அதே ஆண்டு. அப்போது தியாகராயருக்கு முப்பது வயது. அதன்பின் ஏறத்தாழ 40 ஆண்டுகள் அங்கேதான். 1920 கடைசியில் அவர் தலைமையிலான நீதிக்கட்சி தேர்தலில் வென்று, ஆளுநர் வெலிங்டன் மந்திரிசபை அமைக்கக் கூப்பிடுகிறார். இவர் வேண்டாம் என்கிறார். சுப்பராயலு ரெட்டியார் முதல் மந்திரி ஆகிறார். இதைத் தியாகம் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். எனக்கு அதில் தியாகத்தைவிடத் தெளிவுதான் தெரிகிறது. ஆயிரம் விளக்குத் தீர்மானம் நிறைவேறி மூன்று மாதம்கூட ஆகாத நேரம் அது. கையில் பாவு ஓடிக்கொண்டிருக்கிற நெசவாளி தறியை விட்டு எழுந்து போவானா?

இங்கே என் பழைய சண்டை ஒன்றைத் தொடராமல் இருக்க முடியவில்லை. உள்ளாட்சியில் கட்சி அரசியலே கூடாது என்று மாதம் ஒருவராவது எனக்கு எழுதுகிறீர்கள். மாநகராட்சி மன்றத்தில் தியாகராயரும் டாக்டர் டி.எம்.நாயரும் எலியும் பூனையுமாக நின்றவர்கள். டாக்டர் நடேசனார் பாடுபட்டு இருவரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்தார். 1916இல் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் பிறந்தது. பின்னாளில் நீதிக்கட்சி என்று பெயர் பெற்றது அதுதான். இந்த மாநிலத்தின் நூறாண்டு அரசியலுக்கு வித்து போட்டவர்களில் இரண்டு பேர் கவுன்சில் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவர்கள். குழாயும் குப்பையும் அரசியல் இல்லை என்றால் எதுதான் அரசியல்?

எதிர்முகாமையும் பாருங்கள். காங்கிரஸ் சத்தியமூர்த்தி மேயராக இருந்தது 1939–40, ஒரே ஒரு ஆண்டு. உலகப் போர் நடக்கிற நேரம். பூண்டியில் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே அணை வேண்டும் என்று மன்றாடி அரசை இணங்க வைத்து, 1940இல் அடிக்கல் போட வைத்தார். 1943இல் கண்ணை மூடினார். ஏரி திறந்தது 1944இல். தான் கேட்டு வாங்கிய தண்ணீரை அவர் பார்க்கவே இல்லை. அவருடைய சீடர் காமராஜர், 1925இல் நின்றுபோன அந்த வேலையை மதிய உணவாக மாநிலம் முழுக்கக் கொண்டு போனார். கட்சி வேறு, கொள்கை வேறு. இரண்டு நூலும் ரிப்பன் மாளிகையில்தான் முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன.

பிறகு எங்கே வந்தது இந்த 'வெறும்'? நான் சொல்கிறேன். கூலி ஆட்களின் வருகைப் பதிவேட்டில் நடந்த மஸ்டர் ரோல் ஊழல் வெடித்தது, 1973இல் மன்றத்தையே கலைத்தார்கள். தப்புச் செய்தவர்களைத் தண்டித்துவிட்டு ஓராண்டில் தேர்தல் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அடுத்த தேர்தல் 1996இல். இருபத்து மூன்று ஆண்டுகள் இந்தப் பெருநகரத்துக்குக் கவுன்சிலர் என்று ஒருவர்கூடக் கிடையாது. குடிநீரையும் கழிவுநீரையும் மாநகராட்சியிடமிருந்து பிரித்துத் தனி வாரியத்துக்குக் கொடுத்தது 1978இல். எங்கள் தண்ணீரை ஏன் எடுக்கிறீர்கள் என்று எழுந்து கேட்க மன்றத்தில் அன்று ஆளே இல்லை. பூண்டிக்காக ஒரு மேயர் போராடிய ஊர் இது!

1996க்குப் பிறகு திரும்பி வந்தவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் வட்டத்துக் கவுன்சிலரம்மா விடிகாலையில், நைட்டி மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, தண்ணீர் லாரி நிற்கும் முனைக்கு வந்துவிடுவார். பச்சையும் நீலமுமாகக் குடங்கள் வளைந்து வளைந்து நிற்கும். ஒருநாள் டிரைவர் பாதியில் வண்டியைக் கிளப்பினார். இந்தம்மா பம்பருக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். "இன்னும் ஆறு வீடு பாக்கி கீது, எங்கப்பா வண்டிய எடுக்கற?" ஆறு வீடு. எண்ணி வைத்திருந்தார். அவர் எனக்குப் பிடிக்காத கட்சி, நான் அவருக்கு ஓட்டுப் போட்டதில்லை. அந்த ஆறு வீட்டில் ஒன்று என் வீடு.

2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தது. மறுபடி தேர்தல் 2022 பிப்ரவரியில். இடையில் எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை மூடி உடைந்து போயிற்று. வண்டிகள் விலகிப் போகட்டும் என்று யாரோ ஒரு முருங்கைக் கிளையை வெட்டிக் குழிக்குள் நட்டு வைத்தார்கள். நான் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்து இன்னொன்றுக்கு அனுப்பினார்கள். ஒரு நம்பர் கொடுத்தார்கள், அதில் பாட்டு ஓடியது. கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்டலாம் என்றால் கவுன்சிலரே இல்லை. மூன்றாவது வாரம் அந்தக் கிளை துளிர் விட்டது. என் பேத்தி அதற்குத் தண்ணீர் ஊற்றினாள்.

கவுன்சிலர்கள் எல்லோரும் உத்தமர்களா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். இல்லை. வீடு கட்டினால் வாசலில் வந்து நிற்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன், இந்தப் பக்கத்திலேயே கடுமையாக எழுதியும் இருக்கிறேன். ஆனால் அப்படிப்பட்டவரை அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம். முருங்கைக் கிளையை யார் அனுப்புவது?

இன்னொரு மனத்தாங்கல். அந்த மனிதர் பேரில் ஒரு நகரையே அமைத்தோம். அதை டி.நகர் என்று சுருக்கி, 'டி' யார் என்பதை மறந்தோம். தியாகராய சாலை என்றால் ஆட்டோக்காரர் விழிக்கிறார், அதையே பாண்டி பஜார் என்றால் கிளம்புகிறார். பாண்டி பஜாரின் பாண்டியும் சௌந்தரபாண்டியனார், அவரும் நீதிக்கட்சிக்காரர்தான். இந்தப் பத்திரிகையில் முழுப்பெயராகத் தியாகராய நகர் என்றுதான் வரும். இடம் போதவில்லை என்று வடிவமைப்பவர்கள் எத்தனை முறை முறையிட்டாலும் சரி.

உங்கள் கடிதத்தில் கதவு எண், குறுக்குத் தெரு, அஞ்சல் குறியீட்டு எண் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். 200 வார்டுகளில் உங்களுடையது எது என்று எழுதவில்லை. கண்டுபிடித்து, உங்கள் கவுன்சிலரின் பெயரோடு எழுதுங்கள். அடுத்த இதழில் முதல் கேள்வி உங்களுடையது.