எலுமிச்சைப்புல் எண்ணெய் குடித்தால் புற்றுநோய் போகுமா?

கேள்வி: தாராவியில் இருக்கிறோம். 54 வயதான அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். அட்ரியாமைசின், சைக்ளோபாஸ்பமைடு கீமோ 2 முறை ஏற்றியிருக்கிறார்கள். எலுமிச்சைப்புல் எண்ணெய் புற்றுநோய்ச் செல்லைக் கொல்வதை ஆய்வுக்கூடத்தில் நிரூபித்துவிட்டார்கள் என்று சித்தப்பா ஒரு பாட்டில் தந்தார். வெந்நீரில் 4 சொட்டு, காலையும் இரவும் கொடுக்கிறோம். தொடரலாமா?

மருத்துவர் பதில்: வேண்டாம், இன்றே நிறுத்திவிடுங்கள். சித்தப்பா சொல்வது போன்ற சோதனைகள் நடப்பது உண்மைதான். நம் நவி மும்பை கார்கரில் உள்ள ஆக்ட்ரெக் என்ற புற்றுநோய் ஆய்வு மையத்திலும் இதற்கென்றே ஒரு பிரிவு உண்டு. ஆனால் அங்கே சோதிப்பது தட்டில் வளர்த்த செல்லை.

96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் செல்களை விட்டு, எண்ணெயை டி.எம்.எஸ்.ஓ என்ற திரவத்தில் கரைத்து, மில்லிக்கு 10, 20, 40, 80 மைக்ரோகிராம் என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். 48 மணி நேரம் கழித்துச் சாயமேற்றி, எவ்வளவு செல் மிஞ்சியது என்று அளப்பார்கள். டி.எம்.எஸ்.ஓ அரை சதவீதத்தைத் தாண்டினால் அதுவே செல்லைக் கெடுக்கக்கூடும். எண்ணெய் ஆவியாகிப் பக்கத்துக் குழியில் இறங்கினால், மருந்தே விடாத செல்லும் சாகும். தட்டை இறுக மூடாமல் செய்த சோதனையை நான் ஏற்பதில்லை. அதே அளவை நல்ல செல்லிலும் விட்டுப் பார்த்தார்களா என்பது அதைவிட முக்கியம். அளவு கூடினால் இந்த எண்ணெய்கள் எந்தச் செல்லின் சவ்வையும் சிதைக்கும். இத்தகைய சோதனைகளில் ஒப்பிட்டுப் பார்க்கப் பலமுறை வைக்கும் மருந்து எது தெரியுமா? அம்மாவுக்கு ஏற்றும் அதே அட்ரியாமைசின்தான்.

இனி அளவைப் பாருங்கள். ஒரு சொட்டு ஏறக்குறைய 45 மில்லிகிராம். அதில் முக்கால் பங்கு, எலுமிச்சை மணம் தரும் சிட்ரால் என்ற வேதிப்பொருள். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு சிட்ராலுக்கு வைத்த தினசரி உச்சவரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு அரை மில்லிகிராம். 60 கிலோ உடம்புக்கு 30 மில்லிகிராம். ஒரே சொட்டு அதைத் தொட்டுவிடும். நீங்கள் தருவது நாளுக்கு 8. அப்படிக் கொடுத்தாலும் உடம்பு அதைச் சீக்கிரம் சிதைத்துச் சிறுநீரில் தள்ளிவிடும். தட்டில் இருப்பதுபோல் 48 மணி நேரம் கட்டியைச் சூழ்ந்து நிற்காது.

வெந்நீரில் எண்ணெய் கலக்காது, மேலே மிதக்கும். முதல் மிடறிலேயே திரண்டு வாயில் படும். அட்ரியாமைசின் வாய்ப்புண் வரவைக்கும் மருந்து, அதன்மேல் இது பட்டால் அம்மா சாப்பிடவே முடியாமல் போகலாம். கல்லீரல் என்சைம் ஏறினாலோ, காரணம் கீமோவா எண்ணெயா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அடுத்த கீமோ தள்ளிப்போகலாம்.

பாட்டிலை எடுத்துக்கொண்டு போய், எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்பதைக் கீமோ மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார் என்று பயப்பட வேண்டாம். கல்லீரல் பரிசோதனையையும் கேளுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, தண்ணீர்கூட விழுங்க முடியாவிட்டாலோ, கண் மஞ்சளித்தாலோ நேரம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இங்கே மும்பையில் டீயில் போடும் கவ்தி சாய், அதாவது எலுமிச்சைப்புல்லைப் பற்றியும் உங்களுக்குச் சந்தேகம் வரும். பச்சைப் புல்லில் எண்ணெய் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. நன்றாகக் கழுவி, இரண்டு துண்டு போட்டுக் கொதிக்கவிட்டு, ஆறவைத்து எப்போதாவது ஒரு கப் தரலாம். வாய்ப்புண் இருக்கும் நாட்களில் அதுவும் வேண்டாம்.